முதலில் சாவி, அப்புறம் பூட்டு: கையால் ஒரு லீவர் பூட்டு செய்வது எப்படி?

நான் செய்த முதல் பூட்டு இன்றுவரை திறக்கவில்லை. உடல், வளையம், லீவர் எல்லாம் பார்க்க அழகாகத்தான் இருந்தன. ரிவிட் அடித்து மூடி, வளையத்தை அழுத்திப் பூட்டி, பெருமையோடு திண்டுக்கல்லில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அங்கிருந்த வயதான ஆசாரி அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"சாவி எங்க தம்பி?"

"இனிமேதான் செய்யணும் அய்யா."

"அப்ப எத வச்சு உள்ள அளவெடுத்த?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான். கையால் பூட்டு செய்யும்போது சாவிதான் அளவுகோல். சாவியை முடித்துவிட்டு, அதற்கு ஏற்றபடி உள்ளே இருப்பவற்றை ராவிக்கொண்டு, அதாவது அரத்தால் தேய்த்துக்கொண்டு, போக வேண்டும். பூட்டை முடித்துவிட்டுச் சாவிக்குப் போனால் என் கதைதான் உங்களுக்கும்.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு என்ற பெயரைக் கேட்டதுமே பலருக்குக் கனமான, மேலே அகன்று கீழே குறுகிய அந்த இரும்பு உருவம் நினைவுக்கு வரும். அதன் பலம் உள்ளே அடுக்கியிருக்கும் லீவர்களில் இருக்கிறது. நல்ல பூட்டில் ஆறு, எட்டு லீவர் கூட இருக்கும். நமக்கு முதல் பூட்டுக்கு மூன்று போதும். மூன்றை ஒழுங்காகச் செய்யக் கற்றவருக்கு எட்டு என்பது பொறுமை சார்ந்த விஷயம் மட்டுமே.

உள்ளே என்ன நடக்கிறது?

இதைப் புரிந்துகொள்ளாமல் அரத்தைத் தொடாதீர்கள். வளையத்தின் ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. குட்டைக் காலின் உள்பக்கம் ஒரு வெட்டு இருக்கும். தாழ் என்கிற இரும்புத் துண்டு பக்கவாட்டில் நகர்ந்து அந்த வெட்டுக்குள் மூக்கை நுழைத்தால் பூட்டிக்கொள்ளும், வெளியே வந்தால் திறந்துகொள்ளும்.

தாழை யார் வேண்டுமானாலும் தள்ளிவிடாமல் காப்பதுதான் லீவரின் வேலை. தாழின் மேல் சதுரமான ஒரு முளை நிற்கும். ஒவ்வொரு லீவரிலும் இரண்டு அறை கொண்ட ஒரு ஜன்னல் இருக்கும். இரண்டு அறைக்கும் நடுவே ஒரு சுவர், சுவரில் முளை மட்டும் நுழையக்கூடிய குறுகிய வாசல். லீவர் சரியான உயரத்துக்குத் தூக்கப்பட்டால்தான் வாசல் முளைக்கு நேரே வரும். கொஞ்சம் குறைவாகத் தூக்கினாலும் சுவர் இடிக்கும், கொஞ்சம் கூடுதலாகத் தூக்கினாலும் இடிக்கும். மூன்று லீவரும் ஒரே நேரத்தில் வாசலைக் காட்டும்போது சாவிப் பல்லின் நுனியில் உள்ள படி தாழைத் தள்ளிவிடுகிறது. அவ்வளவுதான் ரகசியம்.

ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து, இதையெல்லாம் மூன்று மடங்கு பெரிதாக வெட்டி, குண்டூசி குத்தி ஆட்டிப் பாருங்கள். ஒரு மணி நேர வேலை. மூன்று நாள் இரும்பு வேலையை அது மிச்சப்படுத்தும்.

தேவையானவை

உலையும் துருத்தியும் வளையத்துக்கும் சாவிக்கும் மட்டுமே வேண்டும். துருத்திக்குப் பதில் ஹேர் டிரையர் வைத்து ஊதுகிறவர்களும் இருக்கிறார்கள், தப்பில்லை. மற்றபடி பட்டடைக்கல், ஒரு கிலோ சுத்தியல், குறடு, நல்ல வைஸ், ஹேக்ஸா, கையில் பிடிக்கும் டிரில், கூரான குறிமுள், ஒரு காம்பஸ், நுண்ணளவு பார்க்க வெர்னியர். அரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்: ஒரு பட்டை அரம், ஒரு அரைவட்ட அரம், ஒரு எலிவால் அரம், ஊசி அரம் ஒரு செட். பூட்டு வேலையில் சுத்தியல் பேசும் நேரம் கொஞ்சம், அரம் பேசும் நேரம்தான் அதிகம்.

இரும்பு: 2 மி.மீ. தகடு, 12 மி.மீ. அகலமும் 3 மி.மீ. கனமும் உள்ள பட்டை, 5 மி.மீ. கனத்தில் ஒரு சிறு துண்டு (தாழுக்கு), 1.6 மி.மீ. தகடு (லீவருக்கு), 8 மி.மீ. கம்பி, 6 மி.மீ. கம்பி, ரிவிட்டுக்கு 4 மி.மீ. கம்பி. கொஞ்சம் பித்தளைக் கம்பி, வெண்காரம் (போராக்ஸ்). ஸ்பிரிங்குக்குக் கிட்டார் கம்பியில் 0.4 மி.மீ. அளவில் உள்ள ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், பூட்டுக்காக என்று சொன்னால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார்.

ஒரு எச்சரிக்கை. நாகம் (துத்தநாகம்) பூசிய ஜி.ஐ. தகடு, ஜி.ஐ. பைப் எதையும் உலையில் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் வெள்ளைப் புகையை இழுத்தால் அன்று ராத்திரியே குளிர் காய்ச்சல் வரும். பழைய இரும்புக் கடையில் பொறுக்கும்போது பளபளவென்று சாம்பல் பூத்திருப்பதைத் தள்ளி வையுங்கள். உலையருகே செயற்கை இழைச் சட்டை வேண்டாம், பருத்தி போதும். ராவும்போதும் டிரில் போடும்போதும் கண்ணாடி.

சாவி

6 மி.மீ. கம்பியில் 70 மி.மீ. வெட்டுங்கள். ஒரு முனையைப் பழுக்கக் காய்ச்சித் தட்டையாக்கி, நடுவில் துளையிட்டு விரல் பிடிக்கும் தலையாக்குங்கள். கை வந்தால் வளைத்து வளையமாகவும் செய்யலாம். மறுமுனையில் கடைசி 2 மி.மீ. நீளத்தை மட்டும் 4 மி.மீ. விட்டத்துக்கு ராவிக் குறையுங்கள். இந்த மூக்கு பின்தகட்டில் உள்ள துளையில் உட்கார்ந்து சாவி ஆடாமல் சுற்ற உதவும்.

அந்த மூக்குக்கு அடுத்து, ஹேக்ஸாவால் நீளவாக்கில் ஒரு வரி அறுத்து, அதில் 2 மி.மீ. தகட்டில் வெட்டிய பல்லைச் செருகுங்கள். பல்லின் நீளம் 11 மி.மீ., கம்பிக்கு வெளியே 6 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும். செருகல் இறுக்கமாக இருக்க வேண்டும். தட்டினால் மட்டும் உள்ளே போகும் அளவுக்கு. பிறகு வெண்காரத்தைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, ஒரு சிறு பித்தளைத் துண்டை மூட்டின் மேல் வைத்து உலையில் காட்டுங்கள்.

இங்கே அவசரம் கூடாது. வெண்காரம் முதலில் பொரிந்து பொங்கும், பித்தளைத் துண்டைத் தள்ளிவிடப் பார்க்கும். குறட்டு முனையால் மெதுவாகத் திரும்ப வையுங்கள். பிறகு அது அடங்கிக் கண்ணாடி போல உருகி இரும்பின் மேல் படரும். இரும்பு செம்மஞ்சளுக்கு வரும்போது பித்தளை ஒரு நொடியில் ஈரம் பரவுவது போல மூட்டுக்குள் ஓடிவிடும். ஓடியதும் எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று விட்டால் பித்தளையிலுள்ள நாகம் வெள்ளைப் புகையாகப் போய், மூட்டு சல்லடை ஆகும். தண்ணீரில் போடாமல் தானாக ஆற விடுங்கள்.

ஆறியதும் படிகள். மூக்குப் பக்கமிருந்து முதல் 5 மி.மீ. தாழுக்கான படி, அதைத் தொடாதீர்கள், மையத்திலிருந்து 9 மி.மீ. உயரத்தில் அப்படியே நிற்கட்டும். அடுத்து ஒவ்வொரு லீவருக்கும் 2 மி.மீ. வீதம் மூன்று படி. மையத்திலிருந்து 7, 8, 6.5 மி.மீ. என்று ஏற்ற இறக்கமாக ராவுங்கள். உங்கள் இஷ்டத்துக்கு வேறு எண்கள் வைத்துக்கொள்ளலாம், 8-ஐத் தாண்ட வேண்டாம், 6-க்குக் கீழேயும் போக வேண்டாம். மூன்றும் ஒரே உயரமாக வைத்தால் அது பூட்டல்ல, கதவு சாத்தும் கொக்கி. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சாவியின் இந்த எண்கள்தான் இனி எல்லாவற்றுக்கும் ஆதாரம்.

உடல்

2 மி.மீ. தகட்டில் ஒரே மாதிரி இரண்டு துண்டு வேண்டும். மேலே 66 மி.மீ. அகலம், உயரம் 75. மேலிருந்து 50 மி.மீ. வரை நேராக இறங்கி, அதற்குக் கீழே மாங்காய் போலக் குறுகட்டும். இரண்டையும் சேர்த்து வைஸில் பிடித்து ஒன்றாகவே ராவினால் ஒரே அச்சு. அந்த ஓரத்துக்கு ஏற்ப 12 மி.மீ. பட்டையைக் காய்ச்சி வளைத்துச் சுற்றுச் சுவர் செய்யுங்கள், இணைப்பு அடி நுனியில் வரட்டும். சுவரை ஒட்டி உள்பக்கமாக நான்கு மூலையில் 4 மி.மீ. ரிவிட் துளைகள். இரண்டு தகட்டையும் கிளாம்ப் போட்டு ஒரே தடவையில் துளையிட வேண்டும், தனித்தனியாகப் போட்டால் பொருந்தவே பொருந்தாது.

இனி பின்தகட்டில் குறிகள். எல்லா அளவும் இடது ஓரத்திலிருந்தும் மேல் ஓரத்திலிருந்தும். சாவி மையம்: 34, 33. அங்கே 4.1 மி.மீ. துளை. லீவர் தாங்கும் முளை: 21, 36. அங்கே 4 மி.மீ. துளையிட்டு, கம்பியைச் செருகி, பின்பக்கம் ரிவிட் அடியுங்கள். முன்பக்கம் 12 மி.மீ. நீட்டிக்கொண்டு நிற்கட்டும். சுவரின் மேல்பக்கத்தில் வளையத்துக்கு 8.3 மி.மீ. துளை இரண்டு: இடதிலிருந்து 13-லும் 53-லும்.

வளையம்

8 மி.மீ. கம்பியைச் செம்மஞ்சளாகக் காய்ச்சி, 32 மி.மீ. தடிமனுள்ள ஒரு பைப்பில் சுற்றி வளையுங்கள். கால்களின் மையத்துக்கு மையம் 40 வரவேண்டும். ஆறிய பின் மேல் துளைகளில் இறக்கிப் பாருங்கள். முதல் தடவையில் யாருக்கும் இறங்காது. உடலுக்குள் நீளக்கால் 45 மி.மீ. ஆழமும் குட்டைக்கால் 27 மி.மீ. ஆழமும் இறங்கும்படி வெட்டுங்கள். குட்டைக்காலின் நுனிக்குக் கீழே ஒரு சிறு துண்டை நிறுத்தித் தாங்கல் கொடுத்தால் வளையம் எப்போதும் ஒரே ஆழத்தில் உட்காரும்.

நீளக்காலின் அடியில் 3 மி.மீ. ஊசி ஒன்றைக் குறுக்கே அடித்து, இருபுறமும் ஒரு மி.மீ. போல நீட்டிவிடுங்கள். வளையம் முழுக்கப் பிடுங்கிக்கொண்டு வராது. ஆனால் இந்த ஊசியை வளையத்தைத் துளைக்குள் நுழைத்த பிறகுதான் அடிக்க முடியும். வரிசையை மறந்தவர்களில் நானும் ஒருவன்.

குட்டைக்காலின் உள்பக்கம், மேல் ஓரத்திலிருந்து 17 முதல் 23 மி.மீ. வரை, பாதிக் கனம் அதாவது 4 மி.மீ. ஆழத்துக்கு வெட்டுங்கள். வெட்டின் கீழ் முகம் சரிவில்லாமல் நேராக இருக்க வேண்டும். சரிவாக இருந்தால் வளையத்தை இழுக்கும்போது தாழைத் தானே பின்னுக்குத் தள்ளிவிடும்.

தாழ்

5 மி.மீ. கனமான துண்டு, நீளம் 28, உயரம் 12. வலது நுனியில் வெட்டுக்குள் நுழையும் 5.5 மி.மீ. உயரமுள்ள மூக்கு விட்டு மிச்சத்தைக் கழித்துவிடுங்கள். தாழ் மேல் ஓரத்திலிருந்து 14 முதல் 26 மி.மீ. வரையிலான இடத்தில் பின்தகட்டோடு ஒட்டிப் படுத்து, 8 மி.மீ. இடம் வலமாக நகர வேண்டும். நழுவாமலிருக்க மேலே ஒரு பட்டையையும், கீழே சாவி சுழலும் வட்டத்துக்கு வெளியே இரண்டு குட்டி முளைகளையும் பின்தகட்டில் ரிவிட் அடியுங்கள். இவை தாழின் கனத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் லீவர் இடிக்கும்.

அடி ஓரத்தில், வால் நுனியிலிருந்து 13 மி.மீ. தள்ளி, சாவியின் நீளப்படி நுழைய ஒரு பள்ளம். ஆழம் 2 மி.மீ. அகலத்தை முதலில் 4 மி.மீ. மட்டும் வையுங்கள். சாவியைப் பின்தகட்டுத் துளையில் நிறுத்திச் சுற்றிப் பாருங்கள். பள்ளம் குறுகலாக இருந்தால் தாழ் அதிகமாக நகரும், பாதியில் மாட்டவும் செய்யும். ஊசி அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக அகட்டிக்கொண்டே போனால், 5 மி.மீ.-ஐத் தாண்டியதும் ஓரிடத்தில் தாழ் சரியாக 8 மி.மீ. போய் வரும். அதற்கு மேல் ஒரு இழுப்புகூட வேண்டாம். ராவிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

தாழின் முன்முகத்தில் மேல் ஓரத்துக்கு 3 மி.மீ. கீழே 4 மி.மீ. சதுர முளை. 4 மி.மீ. துளையிட்டு, சதுரக் கம்பியின் வாலை உருட்டாக ராவிச் செருகி, பின்னால் ரிவிட். சதுரத்தின் பக்கங்கள் தாழின் ஓரத்துக்கு இணையாக நிற்கிறதா என்று பார்த்த பிறகு அடியுங்கள். முளை 6 மி.மீ. உயரம் நிற்கட்டும்.

லீவர்

பாதி நேரம் இங்கேதான் போகும்.

1.6 மி.மீ. தகட்டில் மூன்று துண்டுகள். வடிவம் குனிந்து நிற்கும் கொக்கு மாதிரி: அடி இடப்பக்கம் முளையில் மாட்டும் துளை, அங்கிருந்து கழுத்து மேலேறி, வலப்பக்கமாகத் தலை நீளும். கழுத்தின் வலது ஓரம் சாவியின் வட்டத்தைத் தொடாமல் ஒதுங்கி இருக்க வேண்டும். மூன்றையும் அடுக்கி, ஓரத்தில் இரண்டு சிறு ரிவிட் தற்காலிகமாக அடித்து ஒரே கட்டியாக்குங்கள். மாட்டும் துளையை ஒன்றாகவே போடுங்கள்.

இப்போது கட்டியை முளையில் மாட்டி, தலையைத் தூக்கி, தாழைப் பாதி வழியில் நிறுத்தி, சதுர முளை எங்கே வருகிறது என்று குறியுங்கள். அதுதான் வாசலின் இடம். வாசல் 4.3 மி.மீ. உயரம், சுவர் 3 மி.மீ. கனம், சுவருக்கு இருபுறமும் 10 மி.மீ. உயரத்தில் ஒவ்வொரு அறை. வாசல் அறையின் நடு உயரத்தில் வரவேண்டும். மேலேயும் கீழேயும் 3 மி.மீ. போலச் சுவர் மிஞ்சும். மேலே மட்டும் சுவர் விட்டுக் கீழே விடாமல் செய்தால், அதிகமாகத் தூக்கிவிடும் எந்தக் கம்பியும் பூட்டைத் திறந்துவிடும். வரிசையாகத் துளை போட்டு, நடுவை உளியால் தட்டி எடுத்து, ஊசி அரத்தால் மூலை பிடியுங்கள்.

ஜன்னல் முடிந்ததும் தற்காலிக ரிவிட்டை எடுத்துத் துண்டுகளைப் பிரியுங்கள். இனிமேல்தான் சாவி பேசப்போகிறது.

முதல் லீவரை மட்டும் மாட்டுங்கள். தாழைப் பாதி வழியில், முளை வாசலுக்குள் இருக்கும்படி நிறுத்துங்கள். லீவர் இப்போது தூக்கிய நிலையில் பூட்டப்பட்டு நிற்கிறது. காம்பஸின் ஒரு காலைச் சாவி மையத் துளையில் ஊன்றி (துளையில் ஒரு குச்சியைச் செருகி அதில் புள்ளி வைத்துக்கொள்ளலாம்), மறுகாலைச் சாவியின் அந்தப் படியின் உயரத்துக்கு, நம் எண்படி 7 மி.மீ.-க்கு, வைத்து லீவரின் அடியில் ஒரு வில் இழுங்கள். அந்த வில்தான் லீவரின் வயிறு. குறைந்தது 10 மி.மீ. அகலத்துக்கு அந்த வளைவு அப்படியே இருக்க வேண்டும். அப்போதுதான் தாழ் நகர்ந்துகொண்டிருக்கும் நேரம் முழுக்க லீவர் ஏறவும் இறங்கவும் செய்யாமல் நிற்கும். வில்லின் இரண்டு ஓரத்தையும் மழுங்க வளைத்துவிடுங்கள், சாவி வழுக்கி ஏறும்.

கோட்டைத் தொடும்வரை அரைவட்ட அரத்தால் ராவுங்கள். கடைசி நாலைந்து இழுப்புக்கு முன் சாவியின் படியில் மெழுகுவர்த்திக் கரியைப் பூசிச் சுற்றுங்கள். லீவரில் கறுப்பு ஒட்டும் இடம் மேடு. அதை மட்டும் ராவித் திரும்பவும் சுற்றுங்கள். வளைவு முழுக்க ஒரே சீராகக் கறுப்பு ஒட்டினால் அந்த லீவர் முடிந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் இப்படியே, அதனதன் படி உயரத்துக்கு. லீவர்களுக்கு நடுவே 0.4 மி.மீ. தகட்டில் வாஷர் வெட்டிப் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஒன்று ஏறும்போது பக்கத்துக்காரனையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஸ்பிரிங்குக்கு ஒவ்வொரு லீவரின் கழுத்திலும் மெல்லிய துளையிட்டு, கிட்டார் கம்பியின் ஒரு நுனியை வளைத்துச் செருகி, மறுநுனி உடலின் சுற்றுச் சுவரின் மேல்பக்கத்தை அழுத்தும்படி விடுங்கள். விரலால் தூக்கிவிட்டால் 'டக்'கென்று விழ வேண்டும். சோம்பலாக இறங்கினால் ஸ்பிரிங் போதவில்லை அல்லது எங்கோ பிசிறு உரசுகிறது. பெரும்பாலும் பிசிறுதான்.

மூடும் முன்

முன்தகட்டில் சாவித்துளை: மையத்தில் 6.2 மி.மீ. வட்டம், அதிலிருந்து கீழ்நோக்கிப் பல் நுழைய ஒரு நீள வெட்டு. சாவி பல்லைக் கீழே காட்டி நுழைய வேண்டும், அப்போதுதான் லீவரில் இடிக்காது. தகட்டை வைத்து, ரிவிட்டுக்குப் பதில் இரண்டு துளையில் மட்டும் 4 மி.மீ. போல்ட் போட்டு முடுக்குங்கள்.

இப்போது பூட்டுங்கள், திறங்கள். கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றினால் பூட்டும், எதிர்த்திசையில் திறக்கும். ஐம்பது தடவை செய்யுங்கள். படுக்க வைத்து, தலைகீழாகப் பிடித்து, வளையத்தை இழுத்துக்கொண்டே. பிறகு 6 மி.மீ. கம்பியில் படி எதுவும் ராவாத ஒரு போலிச் சாவி செய்து சுற்றிப் பாருங்கள். சுற்றவே கூடாது. சுற்றினால் வாசல் அகலமாகிவிட்டது என்று பொருள், லீவரை மாற்றுங்கள், மனசைத் தேற்றிக்கொள்ளாதீர்கள்.

சாவி பாதியில் நின்றுவிட்டால், போல்டைக் கழற்றித் தாழின் சதுர முளையில் கரி பூசித் திரும்பவும் சுற்றுங்கள். எந்த லீவரின் சுவரில் கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அதுதான் குற்றவாளி. வாசலுக்கு மேலே ஒட்டியிருந்தால் லீவர் போதிய அளவு ஏறவில்லை: அதன் வயிறு கூடுதலாக ராவப்பட்டுவிட்டது, புதிதாகத்தான் செய்ய வேண்டும். கீழே ஒட்டியிருந்தால் அளவுக்கு மீறி ஏறுகிறது: வயிற்றை இன்னும் ஓர் இழுப்பு ராவலாம். நான் மூடிவிட்ட அந்த முதல் பூட்டில் எது ஒட்டியிருக்கும் என்று யோசித்துப் பார்த்ததுண்டு. அதைத் திறந்து பார்க்க டிரில் வேண்டும், மனசு வரவில்லை.

எல்லாம் சரி என்றால் ரிவிட். 4 மி.மீ. கம்பி இருபுறமும் 4 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும். பந்து முனைச் சுத்தியலால் சுற்றிச் சுற்றிச் சிறு அடிகள். ஓங்கி அடித்தால் கம்பி உள்ளே வளைந்துகொள்ளும். ஒரு ரிவிட் அடித்ததும் சாவியைப் போட்டுச் சுற்றிப் பார்த்த பிறகே அடுத்தது. லீவர் முளையை முதலிலேயே 12 மி.மீ.-ஐவிட நீளமாக விட்டு, அதன் நுனியையும் முன்தகட்டில் துளையிட்டு வெளியே எடுத்து அடித்துவிட்டால் உடல் இன்னும் கெட்டியாகும்.

உள்ளே எண்ணெய் ஊற்றாதீர்கள். எண்ணெயும் தூசியும் சேர்ந்து ஆறு மாதத்தில் கோந்து ஆகி லீவர் மேலேயே நின்றுவிடும். பென்சில் முனையைச் சுரண்டிய தூளைச் சாவியில் தடவி உள்ளே விட்டால் போதும். எண்ணெய் வெளிப்பக்கத்துக்கு: உடலைக் கறுக்கும் அளவுக்குச் சூடாக்கி நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ துடைப்பது பழைய வழக்கம். ஆனால் அதை உள்ளே எதையும் பொருத்தும் முன், தனித்தகடாக இருக்கும்போதே செய்துவிடுங்கள். சூட்டில் ஸ்பிரிங் தளர்ந்துவிடும்.

கடைசியாக, இரண்டாவது சாவி. இதை லீவரைப் பார்த்துச் செய்ய முடியாது, பூட்டு மூடியாகிவிட்டது. முதல் சாவியையும் புதிய வெற்றுச் சாவியையும் முதுகோடு முதுகு சேர்த்து வைஸில் பிடித்து, பழையதன் படியை அரம் தொட்டுவிடாதபடி புதியதை மட்டும் ராவுங்கள். தொட்டுவிடுமோ என்று பயமிருந்தால், முதலில் எழுதி வைத்த அந்த மூன்று எண்களை எடுத்து வெர்னியரில் பிடித்துச் செய்யுங்கள். எண் எழுதிய காகிதத்தைப் பூட்டிய பெட்டிக்குள்ளேயே வைத்துவிடாதீர்கள்.